எந்தத் தசை பிழைத்திருக்கிறது? பால் பிராண்டும் தொழுநோய்க் கையின் உடற்கூற்றியலும்

காட்பாடியிலிருந்து சித்தூர் வரையுள்ள எல்லைப்புறத்தில் வாழும் தமிழர்களுக்கு ‘கரிகிரி’ என்பது ஊரின் பெயர் என்பதைவிடத் தொழுநோய் மருத்துவமனையின் பெயராகவே பழக்கம். 1911இல் வட ஆர்க்காட்டின் சில பகுதிகளையும் சேர்த்து உருவாக்கப்பட்ட சித்தூர் மாவட்டத்தின் மக்கள், மொழி எதுவாயினும், பெரிய நோய்க்கு வேலூரையே நாடினார்கள், இன்றும் நாடுகிறார்கள். அந்த வேலூரிலும் கரிகிரியிலும் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டைப் பற்றிப் பேசும்போது, தீண்ட மறுக்கப்பட்டவர்களைத் தொட்ட கருணையாளர் என்றே பெரும்பாலும் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் கருணையுள்ளவர்கள் அவருக்கு முன்பும் தொழுநோய் இல்லங்களில் இருந்தார்கள். மடங்கிய விரல்கள் அவர்கள் காலத்தில் நிமிரவில்லை. பிராண்ட் கொண்டுவந்த மாற்றம் உடற்கூற்றியலிலிருந்து பிறந்தது. தொழுநோய் எந்த நரம்பை எந்த இடத்தில் தாக்குகிறது, அதனால் எந்தத் தசை இறக்கிறது, எந்தத் தசை பிழைக்கிறது என்ற கேள்விக்கு அவர் கண்டறிந்த விடையே அவருடைய எல்லாப் பணிக்கும் அடித்தளம் என்று நான் கருதுகிறேன்.

பால் வில்சன் பிராண்ட் 1914இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தார். பெற்றோரான ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் அங்கே ஊழியம் செய்துவந்த ஆங்கிலேயர்கள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்ட அவர், தம் தந்தையை மீண்டும் பார்க்கவே இல்லை. 1929இல் ஜெஸ்ஸி மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். பள்ளிக்குப் பின் சில ஆண்டுகள் பால் தச்சு வேலையும் கட்டட வேலையும் பயின்றார் என்பதைப் போகிறபோக்கில் கடந்துவிடக் கூடாது. விசை எந்தத் திசையில் இழுக்கிறது, பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்க்கும் பழக்கம் கையின் இயக்கத்தைப் பற்றிய அவருடைய எழுத்து முழுவதிலும் தெரிகிறது. அதன் பிறகே லண்டனில் மருத்துவம் படித்து, உலகப் போரின் குண்டுவீச்சுக் காலத்தில் அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அவரை அழைத்தவர் ராபர்ட் காக்ரேன். தொழுநோய் மருத்துவத்தில் அக்காலத்தின் பெரிய பெயர்களுள் ஒருவர்.

அப்போது தொழுநோய்க்கு முதன்முறையாக உண்மையான மருந்து கிடைக்கத் தொடங்கியிருந்தது. 1941இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் மருத்துவமனையில் சல்ஃபோன் வகை மருந்து பயன் தருவது தெரிந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, விலை குறைந்த டாப்சோனை இந்தியாவில் கையாண்டவர்களுள் காக்ரேன் முன்னோடி. ஆனால் கிருமி ஒடுங்கிய பிறகும் மடங்கிய விரல்கள் மடங்கியபடியே இருந்தன. நோய் தீர்ந்தவரையும் ஊர் அவருடைய கையைப் பார்த்தே அடையாளம் கண்டு ஒதுக்கியது. அறுவை மருத்துவர்கள் இதில் தலையிடாததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. நோயாளியின் சதையே கெட்டது, வெட்டினால் ஆறாது என்ற நம்பிக்கை ஒன்று. மற்றது இன்னும் நியாயமானது: போலியோவில் செய்வதுபோல ஒரு நல்ல தசையின் நாணை (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதியை) மாற்றிப் பொருத்தினாலும், நாளை அந்தத் தசையையும் நோய் தாக்காது என்பதற்கு என்ன உறுதி?

1947இல் காக்ரேன் பிராண்டைச் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே விரல்கள் பறவையின் நகம்போல் வளைந்த ஒருவரிடம் கையைக் கொடுத்து, முடிந்த அளவு அழுத்தும்படி பிராண்ட் கேட்டார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவருக்குத் தாங்க முடியாத வலி ஏற்பட்டது. அந்தக் கையில் வலுவான தசைகள் இருந்தன. நிமிர்த்துவதற்கும் நிதானப்படுத்துவதற்குமான தசைகள்தாம் இல்லை. இந்த நிகழ்ச்சி பலமுறை சொல்லப்பட்டது. அதற்குப் பின் அவர் செய்த சலிப்பூட்டும் வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, ஆனால் அதுதான் முக்கியமானது. உடன் பணியாற்றியவர்களோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான நோயாளிகளின் கைகளைத் தசை தசையாகச் சோதித்து, எது இயங்குகிறது, எது இயங்கவில்லை, எந்த இடத்தில் உணர்ச்சி போயிருக்கிறது என்று குறித்தார்.

குறிப்புகள் சேரச்சேர ஓர் ஒழுங்கு வெளிப்பட்டது. கையை இயக்கும் நரம்புகள் மூன்று: உல்நார், மீடியன், ரேடியல். இவற்றுள் முதலில் பெரும்பாலும் செயலிழந்தது உல்நார். அதன் பொறுப்பிலுள்ள உள்ளங்கையின் சிறு தசைகள் மெலிந்தன. அடுத்துப் பலரிடம் மீடியன் நரம்பின் தசைகள் செயலிழந்தன. ஆனால் பெருவிரலின் அடியிலுள்ள தசைகள் மட்டுமே வாடின. அதே மீடியன் நரம்பு முன்கையில் இயக்கும், விரல்களை மடக்கும் பெரிய தசைகள் வலுவோடு இருந்தன. மணிக்கட்டை நிமிர்த்தும் ரேடியல் நரம்பின் தசைகள் அரிதாகவே பாதிக்கப்பட்டன. நோய் மனம்போனபடி தாக்கவில்லை. அதற்கென்று ஒரு வழி இருந்தது.

அந்த வழிக்குக் காரணம் தேட, செங்கல்பட்டில் இறந்த ஒரு நோயாளியின் உடலில் நரம்புகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை பிரித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. நரம்புகள் எல்லா இடத்திலும் கெட்டிருக்கவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே உல்நார், மணிக்கட்டுக்குச் சற்று மேலே மீடியன், முழங்காலின் வெளிப்புறத்திலும் கணுக்காலிலும் காலின் நரம்புகள் என்று, தோலுக்கு மிக அருகில் வரும் இடங்களில் மட்டும் அவை பருத்து வீங்கியிருந்தன. தசைகளுக்கு அடியில் ஆழத்தில் ஓடும் இடங்களில் இயல்பாகவே இருந்தன. தோலுக்கு அருகிலுள்ள பகுதி உடலின் மற்ற பகுதிகளைவிடக் குளிர்ந்தது. 1873இல் ஹான்சன் கண்டறிந்த அந்தக் கிருமி உடலின் உட்சூட்டைவிடக் குறைந்த வெப்பத்திலேயே நன்கு பெருகக்கூடியது. காது மடல், மூக்கு, கண்ணின் முன்பகுதி ஆகியவற்றை அது விரும்பித் தாக்குவதும், வெதுவெதுப்பான அக்குளையும் தொடையிடுக்கையும் பெரும்பாலும் விட்டுவைப்பதும் இதனோடு பொருந்தின.

ஏரியிலிருந்து வரும் கால்வாய் நடுவில் ஓரிடத்தில் தூர்ந்துபோனால், அதற்கு மேலே பிரிந்த வாய்க்கால்களின் வயல்கள் விளையும். கீழே உள்ளவை காயும். நரம்புக்கும் இதே கணக்குத்தான். மீடியன் நரம்பு முன்கைத் தசைகளுக்கான கிளைகளை முழங்கையை அடுத்தே பிரித்துக் கொடுத்துவிடுகிறது, அடைப்போ மணிக்கட்டில். ஆகவே முன்கைத் தசைகள் பிழைக்கின்றன, பெருவிரலின் தசைகள் வாடுகின்றன. எந்தக் கிளை எங்கே பிரிகிறது என்பதை மருத்துவ மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறப்பதுண்டு. அந்தத் தகவலையே பிராண்ட் ஓர் உறுதிமொழியாக மாற்றினார்: தொழுநோயில் இன்னின்ன தசைகள் நாளையும் இயங்கும், இவற்றைக் கடன் வாங்கலாம்.

விரல் ஏன் நகம்போல் மடங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அறுவை சிகிச்சை புரியும். உள்ளங்கையின் சிறு தசைகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள்: விரலை அதன் அடி மூட்டில் மடக்குவது, நடு மூட்டிலும் நுனி மூட்டிலும் நிமிர்த்துவது. சோற்றைப் பிசைந்து எடுப்பதும், பென்சிலைப் பிடிப்பதும் இந்த இரட்டை இயக்கத்தால்தான் முடிகின்றன. அந்தத் தசைகள் போனதும், முன்கையிலிருந்து வரும் பெரிய நாண்கள் தட்டிக்கேட்க ஆளின்றி இழுக்கின்றன. அடி மூட்டு பின்னோக்கி வளைகிறது, மற்ற இரண்டும் உள்நோக்கி மடங்குகின்றன. நாளடைவில் மூட்டுகளே இறுகிவிடுகின்றன.

பிராண்ட் முதலில் கையாண்டது ஏற்கெனவே இருந்த ஒரு முறை. ஒரு விரலை மடக்கும் இரண்டு நாண்களில் மேலோட்டமாகச் செல்வதை எடுத்து, நான்காகப் பிளந்து, ஒவ்வொரு கிளையையும் ஒரு விரலின் பக்கவாட்டில் கொண்டுசென்று தைப்பார்கள். விரல் நிமிர்ந்தது. ஆனால் சிலருக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்து நடு மூட்டு பின்னோக்கி வளைந்தது; பிடியின் வலுவும் குறைந்தது. எனவே அவர் கொடையாளித் தசையை மாற்றினார். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்பதால் அவற்றுள் ஒன்றை இழப்பதால் கைக்குப் பெரிய குறை வராது. அது ரேடியல் நரம்பின் பொறுப்பில் இருப்பதால் நோய்க்கும் பெரும்பாலும் எட்டாது. ஆனால் அதன் நாண் விரல்வரை எட்டாது. அந்த நீளத்தைக் கெண்டைக்காலிலுள்ள பிளாண்டாரிஸ் என்ற மெல்லிய நாண் கொடுத்தது. நீண்டதும் பெரிய பயன் ஏதும் இல்லாததுமான அந்த நாண் சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. அப்போது வேறிடத்திலிருந்து எடுக்க வேண்டும். முதலில் புறங்கை வழியாகவும், பின்னர் முன்கையின் உட்புறமாகவும் என்று பாதையையும் அவர் மாற்றிப் பார்த்தார். புதிய நாண் வடுவில் ஒட்டிக்கொண்டால் எல்லாம் வீண் என்பதால், திசுவை வெட்டாமல் விலக்கிச் செல்லும் மொட்டை முனைக் கருவி ஒன்றையும் வடிவமைத்தார்.

கட்டுப் பிரித்த பிறகும் கை தானாக வேலை செய்துவிடாது. மணிக்கட்டை நிமிர்த்த நினைத்தால் விரல் அசைகிறது என்பதை நோயாளியின் மூளை கற்க வேண்டும். இயன்முறை மருத்துவர்கள் வாரக்கணக்கில் பயிற்சி அளித்து அதைச் சாதித்தார்கள். இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டாலும், அறுவை மேசையில் நடந்ததற்குச் சமமான பங்கு இதற்கு உண்டு.

காலிலும் இதே தர்க்கம் செல்லுபடியானது. முழங்காலின் வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டி வரும் நரம்பு கெடுவதால் பாதத்தைத் தூக்கும் தசைகள் செயலிழந்து, நடக்கும்போது முன்பாதம் தரையில் இழுபடுகிறது. ஆனால் காலின் பின்புற ஆழத்திலுள்ள டிபியாலிஸ் போஸ்டீரியர் தசைக்குக் கிளை கொடுக்கும் வேறொரு நரம்பு கெடுவது கீழே, கணுக்காலில். அதற்கு வெகு மேலேயே கிளை பிரிந்துவிடுவதால் தசை பிழைக்கிறது. அதன் நாணை முன்புறம் கொண்டுவந்து பொருத்தினால் பாதம் தூக்கப்படுகிறது. கண் இமை மூடாதவர்களுக்கு, மெல்லும்போது இயங்கும் நெற்றிப்பொட்டுத் தசையின் ஒரு பகுதியை இமைக்குக் கொண்டுசெல்லும் சிகிச்சையும் வேலூரில் நடந்தது. தொழுநோய்க் கண்ணைப் பற்றிய ஆய்வில் பிராண்டின் மனைவி மார்கரெட் தனித்த சாதனையாளர், அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

எங்கள் எல்லைப்புறத்தில் இந்தச் சிகிச்சையின் மதிப்பை அளக்க வேறு சான்று வேண்டியதில்லை; மக்கள் செய்யும் தொழில்களைப் பார்த்தால் போதும். குடியாத்தத்துத் தறிக்காரருக்கு அறுந்த இழையை முடிய வேண்டும். பீடி சுற்றும் பெண்ணுக்குப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியோடு நுனி சேர வேண்டும். சித்தூர்ப் பக்கம் கரும்பு வெட்டுபவருக்கு அரிவாள் கையில் நிற்க வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவரும் தசை போனபின், உயிரோடு இருக்கும் ஒரு மேலோட்ட நாணைத் திருப்பிப் பெருவிரலில் பொருத்தும் சிகிச்சை, தோற்றத்தைச் சரிசெய்வதற்காக மட்டும் செய்யப்படுவதன்று. அது கூலியைத் திருப்பித் தருகிறது.

ஆயினும் நாணை மாற்றலாமே தவிர, போன உணர்ச்சியை அறுவை சிகிச்சை கொடுக்காது. இங்கேதான் பிராண்டின் இரண்டாவது பெரிய பங்களிப்பு தொடங்குகிறது. 1951இல் கல்லூரி வளாகத்தில் ‘நவ ஜீவ நிலையம்’ தொடங்கப்பட்டு, சிகிச்சை பெற்ற இளைஞர்கள் அங்கே தங்கித் தச்சு முதலிய தொழில்களைக் கற்றார்கள். கை இயங்கத் தொடங்கியதும் புண்கள் கூடின. நோய் திரும்புகிறது என்று பலரும் அஞ்சினார்கள். பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடச் சொன்னார். சுத்தியல் பிடியின் பிசிறு, சூடான பாத்திரம், ஆணி துருத்திய செருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. தாம் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் சாவியைத் திருப்பித் திறந்துவிட, அவன் விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்ததை அவர் பார்த்தார். அவனுக்கு அது தெரியவே இல்லை. இரவில் விரலின் ஒரு பகுதியே காணாமல் போன விந்தைக்கு விடை தேடிக் காவலிருந்தபோது, உறங்குபவரின் விரலை எலி கடிப்பது தெரியவந்தது. அதன் பிறகு வீடு திரும்புவோர் பூனையோடு அனுப்பப்பட்டார்கள்.

விரல்கள் அழுகி உதிர்கின்றன என்ற பழைய நம்பிக்கையை இது உடைத்தது. சதை கெட்டதன்று, ஓய்வு கொடுத்தால் மற்றவர்களின் புண்போலவே ஆறுகிறது. வலி இல்லாததால் புண்பட்ட இடத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறார்கள், கிருமி புகுகிறது, எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. பாவத்தின் சம்பளமாகக் காட்டப்பட்ட ஒன்று தடுக்கக்கூடிய விபத்து என்று மெய்ப்பிக்கப்பட்டதை, தென்னாட்டு மருத்துவ வரலாற்றின் உயர்ந்த தருணங்களுள் ஒன்றாக மதிக்கிறேன்.

1952இல் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் கழகத்தில், நவீன அறுவை மருத்துவத்துக்கு உடற்கூற்றியல் அடித்தளம் இட்ட ஜான் ஹண்டரின் பெயரால் அமைந்த சொற்பொழிவில், தொழுநோய்க் கையைச் சீரமைப்பது பற்றி பிராண்ட் உரையாற்றினார். காட்பாடிக்கு அப்பால் பாறையும் வறண்ட மண்ணுமாகக் கிடந்த கரிகிரியில் 1955இல் ஷிஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அங்கே அவருடைய முறைகளை வளர்த்தவர்களுள் எர்னஸ்ட் ஃபிரிட்சியை முதலில் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சையோடு, அந்தப் பொட்டல் காட்டை மரம் அடர்ந்த வளாகமாக மாற்றியதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. கொச்சிப் பகுதியில் பிறந்து வேலூரில் பயின்ற மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தபோது, உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது கை அறுவை சிகிச்சை என்று சொல்லி அவரை மீண்டும் அறுவை அரங்குக்குள் கொண்டுவந்தவர் பிராண்ட். சக்கர நாற்காலியிலிருந்து தொழுநோயாளிகளின் விரல்களை நிமிர்த்திய அவர், பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கி, 1972இல் பத்மஸ்ரீ பெற்றார்.

1966இல் பிராண்ட் கார்வில்லுக்குச் சென்று இருபது ஆண்டுகள் பணியாற்றினார். அங்கே பொறியாளர்களின் துணையோடு செய்தது முற்றிலும் உடற்கூற்றியல் சார்ந்தது: முன்கையின் ஒவ்வொரு தசையையும் அளந்து, அதன் இழைகளின் நீளம் அது நாணை எவ்வளவு தொலைவு இழுக்கும் என்பதையும், குறுக்குவெட்டுப் பரப்பு எவ்வளவு விசையோடு இழுக்கும் என்பதையும் தீர்மானிப்பதை எண்களோடு காட்டினார். நாண் மாற்றம் செய்பவர் தசையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டும் பொருந்த வேண்டும். போலியோ, நரம்புக் காயம், முடக்குவாதம் என்று தொழுநோயே இல்லாத கைகளுக்கும் இந்த அளவுகள் இன்று பயன்படுகின்றன. செயற்கை வலி உண்டாக்கும் முயற்சி மட்டும் தோற்றது. அழுத்தம் மிகும்போது ஒலியெழுப்பும் கையுறையையும், பின்னர் உணர்ச்சியுள்ள இடத்தில் மின்னதிர்ச்சி தரும் கருவியையும் அவருடைய குழு உருவாக்கியது. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதவர்களும், வேலையை முடிப்பதற்காகக் கருவியை அணைத்தவர்களும் இருந்தார்கள். உடலின் வலி ஏன் அணைக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பதை அந்தத் தோல்வி அவருக்குக் கற்பித்தது.

2003இல் பிராண்ட் மறைந்தார். அவருடைய பணியின் ஒரு பகுதி, தொழுநோயே அறியாத வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. உணர்ச்சியற்ற பாதத்தின் புண்ணை மாவுக்கட்டுப் போட்டு ஆற்றும் முறையை இலங்கையில் மில்ராய் பால் முன்பே கையாண்டிருந்தார். அதைச் செம்மைப்படுத்தி அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றவர் பிராண்ட். இன்று அது நீரிழிவுப் புண்ணுக்கான முதன்மையான சிகிச்சைகளுள் ஒன்று. பாதத்தின் ஒரு புள்ளியில் விழும் அழுத்தத்தைப் பரப்புவதற்காக வேலூரில் உருவான நுண்துளை ரப்பர் செருப்பை, எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்குகிறார்கள்.

1980களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை நோயை வெகுவாகக் குறைத்தது. ஆனாலும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். மருந்து தொடங்குமுன் நரம்பு கெட்டவர்கள் அவர்களுள் உண்டு. மரத்துப்போன தேமல், முழங்கையில் வலியோடு தடித்த நரம்பு, சுண்டுவிரலில் புதிதாகத் தெரியும் தளர்ச்சி ஆகியவற்றோடு ஆறு மாதத்துக்குள் வருபவர்களுக்கு ஸ்டீராய்டு மருந்தால் நரம்பு மீள்வதற்கு நல்ல வாய்ப்புண்டு. அவர்களுக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். நாண் மாற்றம் அதற்கும் பிந்தியவர்களுக்கு உரியது. பொதுவாகச் செயலிழப்பு ஓராண்டாக மாறாமலும், நரம்பழற்சி ஆறு மாதமாகத் தலைகாட்டாமலும் இருக்கிறதா, மூட்டுகள் இன்னும் இளக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்தபிறகே மருத்துவர்கள் நாள் குறிக்கிறார்கள். மூட்டு இறுகிவிட்டால் நல்ல நாணும் விரலை அசைக்காது என்பதால், காத்திருக்கும் காலத்தில் கையை நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, மறுகையால் விரல்களை நாள்தோறும் நீவி நிமிர்த்தும்படி நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.